கீழே இறங்கிய அணியில் நிற்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்து, உன் கிளப்போடு இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டதாகச் சொன்னாய். நான் "சரி" என்றேன். "சரி எண்டா என்ன அப்பா? கோவமோ?" என்று கேட்டாய். பஸ் டிப்போவுக்குப் போக நேரமாகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு ஷிப்ட் இல்லை. குசினியில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கொதித்து அடங்கிய கேத்திலைப் பார்த்தபடி இருந்தேன். கோபம் இல்லை, தம்பி. களைப்பு. இந்த வயதில் குரலில் இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும் போலிருக்கிறது. அந்தச் "சரி"க்குள் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்லவேண்டும். போனில் எனக்கு அது வராது. நீ ஆங்கிலத்தில் வேகமாகப் போய்விடுவாய், நான் பின்னால் தமிழில் மூச்சு வாங்கிக்கொண்டு வருவேன். எழுத்தில் என்றால் நீ எனக்காகக் காத்திருந்துதான் ஆகவேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை மட்ச் இருக்கிறது என்று சொல்லி நீ பாதியில் விட்டாய். அந்தப் பாதித் தமிழை வைத்து எழுத்துக்கூட்டி மெல்ல வாசி. கோயிலிலும் வெம்பிளிக் கடைத்தெருவிலும் என்னை நிறுத்தி "மகன் இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அவர்களிடம் நடக்கும் பேச்சு எப்போதும் ஒன்றுதான். ஜப்பானில் உதைபந்தாட்டம் விளையாடுகிறான் என்றதும் கண்கள் விரியும். "பெரிய கிளப்போ?" என்பார்கள். இல்லை, நான்காம் பிரிவு என்பேன். "அப்ப முழுநேரமும் விளையாட்டுத்தானோ?" என்பார்கள். காலையில் மீன் தொழிற்சாலையில் வேலை, மத்தியானத்துக்குப் பிறகு பயிற்சி என்பேன். அதற்குப் பிறகு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அவர்களில் பிழை இல்லை. நானே அப்படித்தான் இருந்தேன். உன்னைப் போய்ப் பார்க்கும்வரை அந்த ஒரு வருடத்தை எந்தப் பெயர் சொல்லி அழைப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

உனக்குப் பதினாறு வயதில், இங்கே லண்டனில் ஒரு கிளப்பின் இளையோர் அணியில் இருந்து உன்னை நிறுத்தினார்கள். நான் கார் பார்க்கில் காத்திருந்தேன். நீ வந்து ஏறி பெல்ற்றைப் போட்டாய். "என்னை வைச்சிருக்கேல்லை அப்பா" என்றாய். கொஞ்ச தூரம் போனதும், "சிப்ஸ் வாங்கித் தாறியளோ?" என்று கேட்டாய். அவ்வளவுதான். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "நல்லதாப் போச்சு, இனிப் படிப்பைப் பாக்கட்டும்" என்றார். நீ படித்தாய். கணக்கியல் படித்துக் குரோய்டனில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். அந்த ஊரில் நான் ஒரு காலத்தில் கையில் அகதி விண்ணப்பக் கடதாசிக் கட்டோடு குடிவரவு அலுவலக வாசலில் குளிரில் வரிசையில் நின்றவன். அதே ஊரில் நீ டை கட்டிக்கொண்டு ட்ராமில் இருந்து இறங்கி வேலைக்குப் போவதை அம்மா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் ஏதோ ஒரு சின்னக் கிளப்புக்கு விளையாடிக்கொண்டிருந்தாய். மற்றப் பிள்ளைகள் ஜிம்முக்குப் போவதுபோல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பிறகு கல்யாணப் பேச்சுக்காக ஃபாரஸ்ட் கேட்டில் இருந்து ஒரு குடும்பம் உன்னைப் பார்க்க வந்த நாள். அம்மா விடியவே எழும்பி ரோல்ஸ் பொரித்தார். அந்தப் பெண்பிள்ளையின் தாய் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்: "தம்பிக்கு வேலை குரோய்டனிலைதானோ? வேறை எங்கையும் மாறுற எண்ணம் இருக்கோ?" நீ கோப்பையை வைத்துவிட்டு, "ஓம் அன்ரி, ஜனவரியிலை ஜப்பானுக்குப் போறன். ஃபுட்போல் விளையாட" என்றாய். உன்னோடு முன்பு விளையாடிய ஒருவன் அங்கே பயிற்சியாளராக இருக்கிறான், உயரமான தடுப்பாட்டக்காரன் தேவையாம், சம்பளத்துக்கு மீன் தொழிற்சாலையில் வேலையாம் என்பதெல்லாம் எங்களுக்கே அப்போதுதான் தெரியும். அறையில் ஒருவரும் அசையவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் "வாவ்!" என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினேன்.

அவர்கள் போனபிறகு அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னதை நீ கேட்டாய். "மீன் வெட்டுறதுக்கோடா உன்னைப் படிப்பிச்சனாங்கள்?" நீ "அம்மா, ப்ளீஸ்" என்றாய். அதற்குப் பிறகு அவர் உன்னோடு நேரே பேசவில்லை. விமான நிலையத்துக்கு வந்தார், உன் ஜாக்கெற்றின் சிப்பை இழுத்து மேலே விட்டார், பேசவில்லை. அன்றிலிருந்து எல்லாம் என் வழியாகத்தான். நீ அழைப்பாய், அவர் போனை என்னிடம் நீட்டுவார், நீட்டிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். "சாப்பிட்டானோ எண்டு கேளுங்கோ." நான் கேட்பேன். "அம்மாவுக்குக் கால் நோவு எப்பிடி அப்பா?" என்று நீ கேட்பாய். நான் திரும்பி அவரைப் பார்ப்பேன். "இருக்கு எண்டு சொல்லுங்கோ." ஒரு வருடம் முழுக்க நான் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரன். பஸ் ஓட்டுவதைவிட அது களைப்பான வேலை, தம்பி. பஸ்ஸில் ஆட்கள் ஓரிடத்தில் இறங்கியாவது போவார்கள்.

உன் ஆட்டங்களை நான் குசினி மேசையில் லாப்டொப்பில் பார்த்தேன். உங்கள் கிளப் தன் இணையப் பக்கத்தில் ஒற்றைக் கமெராவை வைத்து ஒளிபரப்பும். அங்கே மத்தியானம், இங்கே பொழுது விடிகிற நேரம். அந்தக் கமெரா பந்தைப் பிடிப்பதற்குள் பந்து வேறெங்கோ போயிருக்கும். உன்னை முகத்தை வைத்து அல்ல, நடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். வசந்தத்தில் நன்றாகத்தான் தொடங்கினீர்கள். பட்டியலின் நடுவில் இருந்தீர்கள். பிறகு அங்கே மழைக்காலம் வந்தது, அதற்குப் பிறகு அந்தக் கொடும் வெயில், ஒரு தோல்வி, அடுத்தது, அடுத்தது. ஒரு ஆட்டத்தில் நீ உன் கோல் காப்பாளருக்குத் திருப்பிக் கொடுத்த பந்து பாதி வழியில் நின்றுபோய், எதிரணிக்காரன் வந்து எடுத்து அடித்தான். கமெரா வெகு நேரம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நீ இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றாய். அம்மா படுக்கையறையில் இருந்து, "என்னவாம்?" என்று கேட்டார். "ட்ரோ" என்றேன். அந்தக் கோடை முழுவதும் ஒவ்வொரு தோல்வியையும் "ட்ரோ", சமன், என்று சொல்லிவைத்தேன்.

செப்டெம்பரில் உன் அழைப்புகள் நின்றன. குறுஞ்செய்தி மட்டும் வரும், அதுவும் "ஆல் குட்" என்று. எனக்கு அந்த இரண்டு சொற்களும் பிடிக்கவில்லை. டிப்போவில் விடுமுறை கேட்டேன். இத்தனை வருடங்களில் கல்யாண வீடோ செத்த வீடோ இல்லாமல் நான் விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. அம்மாவிடம், "நீரும் வாருமன்" என்றேன். "அவன் தோக்கிறதைப் பாக்க நான் ஏன் பிளேன் ஏறோணும்?" என்றார். ஆனால் என் பெட்டியில் பாதி இடத்தை மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் பிடித்துக்கொண்டன. அவை யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பரில் உன் ஊருக்கு வந்து சேர்ந்தேன். நீ எதிர்கொண்டு கூட்டிவர, ஒற்றைப் பெட்டி ரயிலில் கடலோரமாக வந்தோம். நீ மெலிந்திருந்தாய், முகத்தில் ஒரு புது அமைதி இருந்தது. அது நல்ல அமைதியா கெட்ட அமைதியா என்று எனக்குப் பிடிபடவில்லை. உன் அறையில் நான் கட்டிலில் படுத்தேன், நீ நிலத்தில். பொழுது வெளுக்கும் முன்னரே நீ எழும்பி ரப்பர் பூட்ஸைப் பையில் வைத்துச் சைக்கிளில் போனாய். கடைசி ஆட்டத்துக்கு அந்த ஒரு வாரம்தான் இருந்தது. அதில் தோற்காமல் சமன் செய்தாலே போதும், நான்காம் பிரிவில் நிற்கலாம். தோற்றால் பிராந்திய லீக்குக்கு இறங்கவேண்டும். இதை நீ எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாய்.

ஒருநாள் பயிற்சி முடிந்ததும் என்னை ஊர்ப் பொதுக் குளியலுக்குக் கூட்டிப்போனாய். உன்னோடு உன் கோல் காப்பாளர் மொரிதாவும் வந்தார். நாற்பதை எட்டப்போகிறவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், உன்னோடு அதே தொழிற்சாலையில் மீன் பெட்டி இறக்குகிறவர், இந்த ஆட்டத்தோடு ஓய்வு பெறப்போகிறவர். எல்லோரும் உடுப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும் என்றதும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். "எனக்கு ஏலாது தம்பி, நீ போயிட்டு வா" என்றேன். "இஞ்சை ஒருத்தரும் பாக்கமாட்டினம் அப்பா. வாங்கோ" என்றாய். உண்மைதான், ஒருவரும் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். சின்ன வயதில் உன்னைக் குளிக்க வார்த்ததற்குப் பிறகு உன் உடம்பை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இடுப்பின் ஒரு பக்கம் முழுவதும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. கால் பெருவிரல்களில் நகம் இல்லை. விரல்களில் மீன் முள் குத்திய புண்கள். லாப்டொப்பில் இது ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கமெரா எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கிறது!

முக்காலியில் என்னை இருத்தி, நீ என் முதுகைத் தேய்த்தாய். அங்கே அது வழக்கமாம். பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து இறுகிப்போன தோள்பட்டையை உன் கை கண்டுபிடித்தது. "இஞ்சை கல்லு மாதிரி இருக்கு அப்பா" என்றாய். "உனக்கு இடுப்பிலை என்ன நடந்தது?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றாய். வாளியில் மறுபடி வெந்நீர் பிடித்தாய். பிறகு நான், "வீட்டை வாவன் தம்பி" என்றேன். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் என்று சொன்னபிறகுதான் எனக்கே விளங்கியது. நீ வெந்நீரை என் முதுகில் ஊற்றினாய். "ஞாயிற்றுக்கிழமை முடியட்டும் அப்பா" என்றாய். மொரிதா பெரிய தொட்டிக்குள் கழுத்தளவு நீரில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். ஒரு சொல்லும் விளங்காமல் எல்லாம் விளங்கியவர் போல.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறக்கப் பார்ப்பாய். ஆனால் நீ மைதானத்தின் உள்ளே இருந்தாய். வெளியே இருந்து பார்த்தவனுக்கு அது எப்படி இருந்தது என்று ஒருமுறை கேள். கடல் காற்று கொடியைக் கிழிப்பது போல அடித்தது. மைதானத்தின் ஒரு பக்கம்தான் இருக்கைகள், மற்றப் பக்கம் புல்லு மேடு. என் பக்கத்தில் பெரிய மேளம் ஒன்றை வைத்து அடித்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். ஊரில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாராம். நான் உன் தகப்பன் என்று அறிந்ததும் தன் கழுத்துத் துண்டைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டார். முதற் பாதியில் எதிரணியினர் ஒரு கோல் அடித்தார்கள். இரண்டாம் பாதியில் கோர்னர் வந்தது, நீ முன்னே போனாய், எல்லாத் தலைகளுக்கும் மேலே உன் தலை எழும்பியது, பந்து வலைக்குள் இருந்தது. நான் "அடியடா!" என்று கத்தினேன், கோல் விழுந்த பிறகு. முடி வெட்டுகிறவர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். என் மூக்குக் கண்ணாடி எங்கோ விழுந்தது. சமன். சமன் என்றால் போதும். எல்லோரும் நேரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

முடிவதற்குக் கொஞ்சம் முன்னர், எதிரணியினர் பக்கவாட்டில் இருந்து ஒரு தாழ்ந்த பந்தை உள்ளே அடித்தார்கள். நீ அதை வெட்டப் பாய்ந்தாய். பாயாமல் விட்டிருந்தால் அடிக்க அவர்களுடைய ஆள் பின்னால் தயாராக நின்றான். பந்து உன் முழங்காலில் பட்டு, மொரிதா விழுந்த திசைக்கு மற்றத் திசையால் எங்கள் வலைக்குள்ளேயே போனது. பிறகு லாப்டொப்பில்தான் அதைத் தெளிவாகப் பார்த்தேன், வேகமாகக்கூடப் போகவில்லை. உருண்டு போனது. மேளம் நின்றது. சமன் செய்தவனும் நீ, அதைக் குலைத்தவனும் நீ. நான் கண்ணாடி இல்லாமல் அந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எல்லாம் பச்சையாகவும் மங்கலாகவும் இருந்தது. உன்னைத் தேடினேன். உன் நடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை, ஏனென்றால் நீ நடக்கவில்லை. விழுந்த இடத்திலேயே இருந்தாய்.

விசில் ஊதினார்கள். யாரோ என் கண்ணாடியை எடுத்துத் தந்தார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பூங்கா ஆட்டங்களில் நான் கேட்ட வசவுகள்தான் அங்கேயும் வரும் என்று நினைத்தேன். நீங்கள் எல்லோரும் எங்கள் இருக்கைகளுக்கு முன்னால் வந்து ஒரே வரிசையில் நின்றீர்கள். குனிந்து வணங்கினீர்கள். மற்றவர்கள் நிமிர்ந்தார்கள், நீ நிமிரவில்லை. அந்தக் கூட்டம் முழுவதும் உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு இறங்கி ஓடிவந்து உன்னைத் தூக்கவேண்டும் போல இருந்தது, என் முழங்கால் நோவு விடவில்லை. அப்போது முடி வெட்டுகிறவர் மேளத்தில் ஒரு தட்டுத் தட்டி உன் பெயரைச் சொன்னார். ஜப்பானியர் வாயில் உன் பெயருக்குக் கூடுதலாக இரண்டு எழுத்துகள் முளைத்திருந்தன. இன்னொரு தட்டு, இன்னொரு முறை உன் பெயர். பிறகு எல்லோரும் சொன்னார்கள். மொரிதா கையுறைகளைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு, உன் கழுத்தில் கைபோட்டு உன்னை நிமிர்த்தினார், காதில் ஏதோ சொன்னார். அன்று வீடு திரும்பும்போது நான் கேட்டேன்: "மொரிதா என்ன சொன்னவர்?" நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "நாளைக்கு வேலைக்கு லேட்டா வராதை எண்டு சொன்னவர்" என்றாய். அழுதுகொண்டே சிரித்தாய். அவருடைய கடைசி ஆட்டம் அது. உன் முழங்காலால் தோற்ற ஆட்டம்.

அடுத்த நாள் நீ எழும்பமாட்டாய் என்று நினைத்தேன். நீ எழும்பினாய். "நானும் வரட்டோ?" என்று கேட்டேன். தொழிற்சாலையில் எனக்கும் ஒரு வெள்ளைத் தொப்பியும் பூட்ஸும் தந்தார்கள். மீனை அரைத்துப் பிசைந்து அவித்துக் கட்டியாக்குகிற இடம் அது. வாசத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வேலை தொடங்குமுன், அங்கே வழக்கமாம், பாட்டுப் போட்டு எல்லோரும் கையைக் காலை நீட்டி மடக்கினீர்கள். ஒருவரும் உன்னிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. மேற்பார்வைக்காரப் பெண் ஒருத்தி வந்து, தகரப் பேணியில் அடைத்த சூடான கோப்பி ஒன்றை உன் சட்டைப் பையில் போட்டுவிட்டு நிற்காமல் போனாள். மொரிதா பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார். நீ போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தாய். இருவரும் தூக்கினீர்கள்.

அப்படி ஒரு காலைப்பொழுது எனக்கும் தெரியும், தம்பி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஒடுங்கிய தெருவில் பஸ்ஸைத் திருப்பும்போது நிறுத்தியிருந்த கார் ஒன்றின் பக்கம் முழுவதையும் உரசிவிட்டேன். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் பஸ் நிறைய ஆட்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அதே பாதைக்கு என்னைப் போட்டார்கள். வீட்டில் இருந்து டிப்போவுக்கு நடந்த அந்தத் தூரம்தான் நான் லண்டனில் நடந்த மிக நீண்ட தூரம். அந்த வளைவு வந்தபோது வேகத்தைக் குறைத்தேன். திருப்பினேன், திரும்பியது. யாரும் கை தட்டவில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது. அதை ஒருவருக்கும் சொல்லத் தோன்றவுமில்லை, உன்னை அந்தப் பெட்டியோடு பார்க்கும்வரை. தோற்ற மறுநாள் வேலைக்குப் போவதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. நீயாகவே எங்கோ கற்றிருக்கிறாய். எனக்கு அது பெருமையாக இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்கு அழுகைதான் வந்தது. மீன் வாசம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

ஆனபடியால் அந்தச் "சரி" சந்தோஷமான சரி இல்லை. நீ வருவாய் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இங்கே வீட்டில் உன் அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டேன். கோடையில் தோற்ற ஒவ்வொரு ஆட்டமும் என் நெஞ்சில் ஒரு கல், இனி இன்னும் கீழே உள்ள லீக்கில் இன்னொரு வருடம் கல் சுமக்க எனக்குத் தென்பு இருக்கிறதோ தெரியாது. சில ஆட்டங்களை நான் பார்க்காமல் படுத்துத் தூங்கிவிடுவேன். அதை அன்பு குறைந்தது என்று எடுக்காதே. அதேநேரம் உன்னை வரச் சொல்லவும் எனக்கு இனி வாய் வராது. அந்தக் குளியலறையில் ஒருமுறை சொல்லிவிட்டேன், அது போதும். நீ கோலுக்காக அங்கே நிற்கவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. உன்னை நிமிர்த்திய மனிதர்கள் கீழே இறங்கும்போது நீ மட்டும் விமானம் ஏறிவர உனக்கு மனம் வரவில்லை. அதில் நான் என்ன பிழை சொல்ல? ஒன்றுதான் கேட்கிறேன். யாருக்காகவோ கடன் தீர்ப்பது போல விளையாடாதே. உன் முழங்காலில் பட்ட பந்துக்கு நீ அந்த ஊருக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை. விளையாடப் பிடித்திருந்தால் விளையாடு. பிடிக்காமல் போகிற அன்றைக்கு, எந்த மாதமாக இருந்தாலும், யாரிடமும் கேட்காமல் வா. கணுக்காலை ஒரு நல்ல டொக்டரிடம் காட்டு, மொரிதா தேய்க்கத் தரும் மருந்தெண்ணெயை மட்டும் நம்பாதே. தோற்ற கிழமைகளிலும் அழை. வென்றால்தான் வீட்டுக்குப் பேசலாம் என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லையே.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் வியாழக்கிழமை ஒன்று நடந்தது. அம்மா பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றார்.

"ஏப்ரல் ஸ்கூல் லீவுக்கு ரிக்கெட் போட்டிட்டன்" என்றார்.

"எங்கை?"

"எங்கையோ? உங்கடை மோன் இருக்கிற இடத்துக்கு."

என் முழங்காலை நினைத்தபடி, "ரெண்டு பேருக்குமோ?" என்று கேட்டேன்.

"இல்லை, எனக்கு மட்டும்" என்றார். "நீங்கள் வந்தா எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொல்லுவியள். அவனும் வாய் திறக்கமாட்டான், நானும் திறக்கமாட்டன்." பிறகு கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஓகஸ்ட் மாசம் முழுக்க ட்ரோ எண்டு சொன்னியள். ஆரும் அப்பிடி ஒரு மாசம் முழுக்க ட்ரோ அடிப்பினமோ? நான் போனிலை பாத்துக்கொண்டுதான் கிடந்தனான். அண்டைக்கு அவன் குனிஞ்சு நிண்டதையும் பாத்தனான். அந்தக் கோல் கீப்பர் வந்து தூக்குமட்டும் ஒருத்தரும் அவனிட்டைப் போகேல்லை."  நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார், குடிக்கவில்லை.

எனவே தம்பி, ஏப்ரலில் அம்மா வருகிறார், தனியாக. இலேசாக இருக்காது. முதல் நாள் அவர் உன் அறையைத் துடைப்பார், விடு. நீ மெலிந்ததைப் பற்றி நிறையச் சொல்வார், கேள். தொழிற்சாலைக்குக் கட்டாயம் கூட்டிப்போ, மூக்கைப் பொத்துவார், ஆனாலும் பார்க்கட்டும். அந்தக் குளியலுக்குப் பெண்கள் பக்கம் இருக்கிறதென்றால் மொரிதாவின் மனைவியைக் கூட்டிப்போகச் சொல். கால் நோவுக்கு நல்லது. ஆட்டம் இருந்தால் முடி வெட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருத்து. அம்மா உன்னிடம் ஏதாவது கடுமையாகக் கேட்டால், "அப்பாட்டைக் கேளுங்கோ" என்று மட்டும் சொல்லாதே. அந்தத் தபால்கார வேலையை நான் விட்டுவிட்டேன். அவர் அங்கே நிற்கும் நாட்களில் நீங்கள் இரண்டு பேரும் எனக்குப் போன் எடுக்கவேண்டாம். என்ன இருந்தாலும் ஒருவரை ஒருவர் கேளுங்கள். நான் இங்கே கொஞ்சம் படுத்துத் தூங்கப்போகிறேன்.

அப்பா